13×19 உப்பளம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். யாரிடம் பேசினாலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு புகைப்படக்காரரிடம் வாங்கிய உப்பளப் பட பிரிண்ட் 6,500 ரூபாய். அனுப்பும் செலவு 350. அதற்கு முன்னால் வரவழைத்த மாதிரித் துண்டுகள் மூன்றுக்கு 300. சட்டம் போட 3,400. மொத்தம் 10,550. எங்கள் மடிப்பாக்கம் தெருமுனை ஸ்டுடியோவில் 12×18 அங்குலப் படம் ஒன்றை 150 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீண்செலவைச் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். சுவரில் மாட்டும் ஒரு காகிதத்துக்கு இவ்வளவு ஏன் கொடுத்தேன், கொடுத்தது சரிதானா என்று எனக்கே கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

விற்றவர் தனி ஆள். அவரே எடுக்கிறார், அவரே பிரிண்ட் போடுகிறார், அவரே பார்சல் கட்டுகிறார். டெல்டாக்காரர், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். பெயரைப் போடவில்லை. பாராட்டோடு நிறுத்துவதாக இருந்தால் போட்டிருப்பேன். குறைகளையும் எழுதப் போகிறேன். ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருப்பவரைத் தேடிப்போய் யாரும் திட்ட வேண்டாம்.

படம் வேதாரண்யம் உப்பளம். எங்கள் சொந்த ஊர் உப்பளத்தைப் படம் எடுக்கிறவர்கள் இரண்டு விதமாகத்தான் எடுப்பார்கள். ஒன்று, 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியதற்கான நினைவுத்தூண். இல்லையென்றால் டிரோனை மேலே ஏற்றி, பாத்திகளைக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி காட்டுவது. இவர் தரையில் நின்று, இடுப்பு உயரத்திலிருந்து எடுத்திருக்கிறார். விடியற்காலை. பாத்தியில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. வரப்பில் இரண்டு பெண்கள் சும்மாட்டின் மேல் கூடையோடு போகிறார்கள், முகம் தெரியவில்லை. வலது ஓரத்தில் இன்னும் ஓலை போட்டு மூடாத உப்பு அம்பாரம் ஒன்று. படத்தில் முக்கால்வாசி வெள்ளை. வானம் வெள்ளை, தண்ணீர் வெள்ளை, உப்பு வெள்ளை.

அப்பா அந்தப் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 'டிகிரி பாத்தாச்சா' என்பது எங்கள் வீட்டில் காய்ச்சலுக்குக் கேட்கும் கேள்வி அல்ல. உப்புத்தண்ணீரில் மிதக்கவிடும் கண்ணாடி மானி 25 டிகிரியைத் தொட்டால் பாத்தியில் உப்பு விழ ஆரம்பிக்கும், அதைத்தான் கேட்பார். அவர் உப்பளத்தில் நிற்கும் கலர் படங்கள் ஏழெட்டு இருந்தன, எண்பதுகளில் எடுத்தவை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஓடு பறந்து, பீரோவுக்குள் தண்ணீர் இறங்கி, ஆல்பம் இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. நாங்கள் அதை அப்படியே வெயிலில் காயவைத்தோம். செய்யக்கூடாத காரியம் அதுதான். அந்தக் காலத்து பிரிண்டில் படம் இருப்பது மேலே உள்ள ஜெலட்டின் பூச்சுக்குள். நனைந்தால் அது பசை மாதிரி இளகும், காய்ந்தால் எதிரில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தால் சிலதாவது தப்பித்திருக்கும். நாங்கள் காய்ந்தபிறகு உரித்தோம். அப்பா ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடு போய்விட்டார்.

அதனால் இன்ஸ்டாகிராமில் இந்த உப்பளம் ஓடி வந்தபோது விரல் நின்றுவிட்டது. சுயவிவரத்தில் இருந்த இணைப்பைத் தட்டினால் அவருடைய சொந்தத் தளம். நாற்பது படங்கள் இருக்கும். மூன்று அளவுகள், மூன்று காகிதங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை. பணம் கட்ட யுபிஐ. தளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வேலை செய்கிறது. ஆனால் சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் வர நாலு நாள் ஆகிறது. முதல் தடவை ஏமாற்றுத் தளம் என்றே முடிவு கட்டிவிட்டேன். நாலாம் நாள் காலை ஐந்தே காலுக்கு மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. பிறகு கவனித்தேன், எப்போது எழுதினாலும் நாலு நாள்தான். பழகிவிட்டால் ரேஷன் கடை மாதிரி, நாள் தெரிந்து எதிர்பார்க்கலாம்.

பில் தந்தார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. என் தொழில்புத்தி உடனே மூக்கை நுழைத்தது. பொருள் விற்கிறவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்து, மாநிலத்துக்குள்ளேயே விற்றால் பதிவு கட்டாயம் இல்லை. உப்பளப் படம் விற்று 40 லட்சம் தாண்டும் அளவுக்கு நாடு இன்னும் முன்னேறவில்லை. சரி, விட்டுவிட்டேன்.

இனி காகிதம். இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

போனில் பார்த்தபோது உப்பு உள்ளிருந்து விளக்கேற்றியது போல ஒளிர்ந்தது. உண்மையில் பின்னால் விளக்குதானே எரிகிறது! காகிதத்துக்கு விளக்கு கிடையாது. இதே வெள்ளை, காகிதத்திலும் வருமா என்று கேட்டு எழுதினேன். வராது என்று நேராகச் சொல்லிவிட்டார். கூடவே அவர் எழுதிய ஒரு விஷயம் நான் அதுவரை யோசிக்காதது. அவர் பிரிண்டரில் பத்து மை இருக்கிறது, வெள்ளை மை மட்டும் இல்லை. படத்தில் முழு வெள்ளை எங்கே வருகிறதோ அங்கே மையே விழாது, வெறும் காகிதம்தான் தெரியும். வெளிர் இடங்களில் பெயருக்குக் கொஞ்சம் மை. அப்படியென்றால் முக்கால்வாசி வெள்ளையான படத்தில் நான் உப்பு என்று நினைத்து வாங்கப்போவது முக்கால்வாசி காகிதம். 'அக்கா, காகிதத்தைத் தேர்ந்தெடுங்க, அதுதான் உங்க உப்பு' என்று எழுதியிருந்தார். ('மேடம்' இரண்டாவது கடிதத்திலேயே 'அக்கா' ஆகியிருந்தது.)

300 ரூபாய்க்கு மாதிரித் துண்டு அனுப்புகிறார் என்பது தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மேலே பெரிதாகப் போட வேண்டிய செய்தி. அதே படத்தின் அம்பாரப் பகுதியை மட்டும் உள்ளங்கை அளவுக்கு மூன்று காகிதத்தில் போட்டு, பின்னால் பென்சிலில் பெயர் எழுதி அனுப்பினார். மூன்றுமே ஹானமூலே என்ற ஜெர்மன் ஆலையுடையவை. 1584-லிருந்து காகிதம் செய்கிறார்களாம். ஒன்று போட்டோ ராக், முழுக்கப் பருத்தி, மினுமினுப்பே இல்லாதது, சதுர மீட்டருக்கு 308 கிராம். நாம் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் எழுபது எண்பது கிராம்தான் இருக்கும், அதனால் இதைக் கையில் எடுத்தபோது அட்டை என்றே நினைத்தேன். இரண்டாவது மூங்கில் காகிதம், 90 சதவீதம் மூங்கில் நாரும் 10 சதவீதம் பருத்தியும். மூன்றாவது பரைட்டா. பருத்தித் தாளின் மேல் பேரியம் சல்பேட் பூசியது, பழைய காலத்துக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போல லேசாகப் பளபளக்கும்.

மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். அம்மா வந்து பார்த்தார்கள், பேசாமல் சமையலறைக்குப் போய் ஜாடியிலிருந்து ஒரு கை கல் உப்பை அள்ளி வந்து பக்கத்தில் கொட்டினார்கள். இதைவிட நல்ல பரிசோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்காது என்று நினைக்கிறேன். மூங்கில் காகிதத்தில் உப்பு மஞ்சள் பூத்திருந்தது. 'இது போன வருஷத்து உப்பு' என்றார்கள். பரைட்டாவில் அம்பாரத்தின் அடியில் கசியும் தண்ணீர் அப்படியே ஈரமாகத் தெரிந்தது. அம்மா அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். எனக்குப் பருத்தி. உப்புக்கல்லின் சொரசொரப்பும் காகிதத்தின் சொரசொரப்பும் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கள் கூடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல், பளபளப்புத் தாள் போட்டால் பாதி நேரம் உப்பளத்தில் எதிர்வீட்டு மொட்டைமாடிதான் தெரியும் என்று வாதாடி ஜெயித்தேன். தண்ணீர் விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி என்று இப்போதும் உள்ளுக்குள் தெரியும்.

காகித வெள்ளையிலும் இரண்டு சாதி உண்டு. சாதாரணத் தாளை வெள்ளையாகக் காட்ட ஒளிர்ப்பூட்டி என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும், சொட்டுநீலம் போட்ட வேட்டி மாதிரி. காலப்போக்கில் அந்த ரசாயனம் சோர்ந்து போகும், தாள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பும். மூங்கிலில் அது அறவே இல்லை, போட்டோ ராகில் கொஞ்சம்தான் என்று சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறது, துண்டுகளை அதன் கீழே வைத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் தாள் நீலமாகப் பற்றி எரிந்தது. மூங்கில் இருண்டு கிடந்தது. போட்டோ ராக் லேசாகக் கண் திறந்தது. நம் ரூபாய் நோட்டும் பருத்திக் காகிதம்தான், அதில் ஒளிர்ப்பூட்டி கிடையாது, அதனால்தான் அந்த விளக்கில் நல்ல நோட்டின் தாள் ஒளிராமல் உள்ளே இருக்கும் இழைகளும் எண்ணும் மட்டும் ஒளிர்கின்றன. சாதாரணத் தாளில் அடித்த கள்ளநோட்டு முழுசாக ஒளிரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த விளக்கோடு இருக்கிறேன், காரணம் தெரிந்தது ஒரு படம் வாங்கப்போய்.

அளவு விஷயத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. தளத்தில் 'ஏ3 பிளஸ், 13×19' என்று போட்டிருக்கிறது. அது காகிதத்தின் அளவு. படம் 11×16.5 அங்குலம், சுற்றிலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வெள்ளை விளிம்பு. நாடா வைத்து அளந்தபோது பாதி அரிசி மூட்டை வந்த மாதிரி இருந்தது. கேட்டால், விளிம்பு இல்லாமல் கையெழுத்து எங்கே போடுவது, சட்டக்காரர் எதைப் பிடிப்பார் என்றார். நியாயம்தான், பின்னால் சட்டம் போடும்போது அந்த விளிம்புதான் காப்பாற்றியது. ஆனாலும் படம் இவ்வளவு, தாள் இவ்வளவு என்று இரண்டையும் எழுதுவதற்கு என்ன? அரை வரி.

பெரிய அளவு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அவர் கேமரா 24 மெகாபிக்சல், அதாவது 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 20×13.3 அங்குலம்தான் வரும். 24×36 அங்குலப் பிரிண்ட் என்றால் அங்குலத்துக்கு 167 புள்ளி மிஞ்சும். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு அது போதும். மூக்கை ஒட்டிப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்குப் போதாது. தவிர, அவ்வளவு பெரிய பிரிண்டை அவர் வீட்டில் போட முடியாது, பெங்களூரில் ஒரு லேபில் கொடுத்துத்தான் வாங்குகிறார். அவர் கையாலேயே போட்டது வேண்டும் என்பதால் சின்னதோடு நின்றேன். விலை 22,000 என்பதும் நிற்க உதவியது.

அப்புறம் இந்த '25-ல் 7' சமாச்சாரம். படத்தின் கீழே பென்சிலில் 7/25 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இருபத்தைந்துக்கு மேல் போடமாட்டேன் என்று உறுதி கொடுக்கும் ஒரு தாளும் கூட வருகிறது. நன்றாக இருக்கிறதே என்று விதிமுறைகளைப் படித்தால் 'ஒவ்வொரு அளவுக்கும்' என்று ஒரு சொல் நடுவில் பதுங்கியிருக்கிறது. அளவு மூன்று. ஆக 75. எங்கள் தொழிலில் இதற்கு அடிக்குறிப்பில் ஒளித்தல் என்று பெயர். பல பேர் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவர் பதில். எனக்கு எண்ணிக்கையில் பெரிய பக்தி இல்லை என்பதால் தப்பித்தார். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் எர்னாண்டஸ் என்ற சின்ன ஊரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கு மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவர் முதலில் பியானோ கற்றவர், நெகட்டிவ் இசைக்குறிப்பு என்றால் பிரிண்ட் கச்சேரி என்பது அவர் கட்சி. எத்தனை கச்சேரி என்பதைவிட அன்றைக்குப் பாடியது எப்படி என்பதுதானே நமக்குக் கணக்கு. ஆனால் முதலீடு என்று நினைத்து வாங்குகிறவர்கள் அந்த 75-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிப் பதினேழாவது நாள் பார்சல் வந்தது. வந்த கோலத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அட்டைக் குழாய் நடுவில் மிதிபட்டு நசுங்கியிருந்தது. கொண்டுவந்த கூரியர் பையனைக் குறை சொல்லி என்ன, 'எனக்கு இப்படித்தான் வந்துச்சு' என்றான். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், ஆசை விடவில்லை. உள்ளே மெழுகுத்தாள் மாதிரி ஒரு மெல்லிய தாளில் சுற்றி, பக்குவமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் படத்தின் நடுவே, இரண்டாவது பெண்ணின் கூடைக்கு மேல், குறுக்காக ஒரு மடிப்பு. பருத்திக் காகிதத்தில் விழுந்த மடிப்பு போகாது. மை உதிர்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும்.

படம் எடுத்து அனுப்பினேன். நாலு நாள் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டேன். அன்று மட்டும் இருபது நிமிடத்தில் போன் வந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை, வேறு போட்டுத் தருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: எண் அதே 7/25 ஆக இருக்க வேண்டும் என்பதால், கெட்டுப்போனதை இரண்டாக வெட்டி, எண்ணும் கையெழுத்தும் உள்ள பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ஏழாம் எண்ணில் இரண்டு ஆகிவிடும். முறை சரிதான். ஆனால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கை போகவில்லை. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயை வெட்டுவது மட்டும் காரணம் இல்லை. கடைசியில் அம்மா வாங்கி வெட்டினார்கள், முருங்கைக்காய் நறுக்குகிற நிதானத்தில். கீழ்ப்பகுதி கோயம்புத்தூர் போனது. மேல்பகுதியில் வானமும் பெண்களின் தலையும் கூடையும்; அது அம்மாவின் புடவை அலமாரியில் இருக்கிறது. அதற்கு எண் கிடையாது, அந்த இருபத்தைந்தில் சேராது.

மாற்றுப் பிரிண்ட் ஒன்பது நாளில் வந்தது, இந்த முறை பிவிசி குழாயில். மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கப் போடுவோமே, அதே நாலு அங்குலக் குழாயை அறுத்து இரண்டு பக்கமும் மூடி மாட்டியிருந்தார். லாரி ஏறினாலும் ஒன்றும் ஆகாது. முதலிலேயே இதில் அனுப்பியிருக்கலாமே என்றேன். எடை கூடும், கூரியர் செலவு கூடும், வாங்குகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். 120 ரூபாய் வித்தியாசத்துக்காக ஒரு பிரிண்ட், ஒரு கூரியர், ஒரு மாதம். இந்தக் கணக்கை அவருக்கு யாராவது போட்டுக் காட்ட வேண்டும் என்று நானே போட்டுக் காட்டினேன்.

குழாயிலிருந்து எடுத்த பிரிண்ட் சுருண்டுகொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தாதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான தாள் விரித்து, படத்தைக் குப்புறப் போட்டு, மேலே இன்னொரு தாளும் கனமான புத்தகங்களும் வைத்து நாலு நாள் விட்டால் படிந்துவிடும். மினுமினுப்பில்லாத தாளின் மேல்பரப்பு விபூதி பூசிய நெற்றி மாதிரி, தேய்த்தால் போய்விடும். விரலால் தொட்டுக் காட்ட வருகிற சொந்தக்காரர்களைத் தள்ளியே நிறுத்துங்கள்.

சட்டம் போடுகிற கதை தனி. முதலில் போன கடையில் அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் 'லேமினேஷன் பண்ணி எம்டிஎஃப்-ல ஒட்டிடலாம்மா, அம்பது வருஷம் அப்படியே இருக்கும்' என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கல்யாணப் படத்துக்கு அது சரி. பருத்திக் காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் படலத்தைச் சூடாக ஒட்டினால் நான் காகிதத்துக்குக் கொடுத்த காசு அவ்வளவும் போச்சு. பசை போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டால் பிறகு எடுக்கவும் முடியாது. அடுத்த கடையிலும் லேமினேஷன். மூன்றாவது கடைக்காரர்தான் 'மவுன்ட் போட்டுத் தரவா?' என்று கேட்டார். அமிலம் இல்லாத மவுன்ட் அட்டையில் ஜன்னல் வெட்டி, படத்தைப் பின்னட்டையில் ஒட்டாமல் நாலு மூலைக்கும் காகித முக்கோணம் செய்து சொருகினார். செலோடேப் எடுக்கப்போன கையைப் பிடித்து நிறுத்தினேன், அது நாலைந்து வருஷத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். ஜன்னலைப் படத்தின் ஓரத்துக்கே வெட்டினால் 7/25-ம் கையெழுத்தும் மறைந்துவிடும் என்பதால் கால் அங்குலம் விட்டு வெட்டச் சொன்னேன். இன்னொரு முக்கியமான காரியம், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுன்ட் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். சென்னை ஈரத்தில் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டால் எங்கள் ஆல்பத்தின் கதிதான். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்கு விலை கேட்டேன், சட்டத்தின் மொத்த விலையைவிட அதிகம். சாதாரணக் கண்ணாடியே போட்டு, நேர் வெயில் படாத உள்சுவரில் மாட்டினேன். குளியலறையை ஒட்டிய சுவரையும், மழைக்கு ஊறும் மேற்குச் சுவரையும் தவிர்த்தேன்.

நூறு வருஷம் மங்காது என்று அவர் தளத்தில் எழுதியிருக்கிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வில்ஹெம் இமேஜிங் ரிசர்ச் போன்ற சோதனைக்கூடங்களில் பிரிண்டைக் கடும் வெளிச்சத்தில் வைத்து, மங்கும் வேகத்தைப் பார்த்து, ஒரு வீட்டின் சராசரி வெளிச்சத்துக்கு இத்தனை வருஷம் என்று பெருக்கிச் சொல்லுவார்கள். நிறத்துகள் கலந்த நிறமி மை, கரைந்த சாயத்தாலான சாயமையைவிட நெடுநாள் நிற்கும் என்பது நிஜம். ஆனால் அந்தக் கணக்கில் மடிப்பாக்கத்து மழைத்தண்ணீரும் கரையானும் வராது.

மாட்டியபிறகு ஒன்று கவனித்தேன். காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் உப்பு குளிர்ச்சியான வெள்ளை. ராத்திரி எல்இடி போட்டால் அதே உப்பு கொஞ்சம் பழுத்துவிடுகிறது. எல்இடியில் புற ஊதா அனேகமாக இல்லை, ஒளிர்ப்பூட்டிக்கு அப்போது வேலை இல்லை. விளக்கின் சொந்த மஞ்சளும் சேர்ந்துகொள்கிறது. மூங்கில் துண்டைப் பார்த்துப் போன வருஷத்து உப்பு என்று அம்மா சொன்னார்களே, கிட்டத்தட்ட அந்த நிறம். பகலில் இந்த வருஷம், இரவில் போன வருஷம்.

அம்மா முதல் வாரம் தினமும் அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். 'இதுக்கா ஆறாயிரம் குடுத்தே' என்று முதல் நாள் கேட்டதோடு சரி. மூன்றாம் நாள் அந்தப் பெண்கள் சும்மாடு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, முன்னால் போகிறவள் புதுசு, பின்னால் வருகிறவள் பழகின ஆள் என்றார்கள். முன்னால் போகிறவள் ஒரு கையால் கூடையைப் பிடித்திருக்கிறாள், பின்னால் வருகிறவள் பிடிக்கவில்லை. போனில் இருநூறு தடவை பார்த்த எனக்கு அது தெரியவில்லை. பிறகு கேட்டார்கள், 'இதுல அதுங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?' நான் அப்படியே அவருக்கு எழுதினேன். பணம் கொடுக்கவில்லை, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன், பின்னால் வருகிறவர் பாக்கியிருக்கும் கூலியையும் கேட்டு வாங்கித் தரச் சொன்னார் என்று பதில் வந்தது. அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் முழுசாகப் போதவில்லை, ஆனால் மறைக்காமல் சொன்னாரே என்று வைத்துக்கொண்டேன்.

தம்பி வந்து பார்த்துவிட்டு, இதை ஸ்கேன் பண்ணி அத்தை வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் போட்டுக் கொடுத்துடலாமே என்றான். நாம் வாங்கியது காகிதத்தை, காப்புரிமை எடுத்தவரிடமே இருக்கிறது, அவர் அனுமதி இல்லாமல் இப்படி நகல் போட்டுக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். 'அப்ப பத்தாயிரம் எதுக்கு?' என்றான். அவனுக்குத் தெருமுனை ஸ்டுடியோவைச் சிபாரிசு செய்கிறேன், கேலியாக இல்லை. குடும்பப் படம், கல்யாணப் படம், பத்து பேருக்குக் கொடுக்க வேண்டிய படம் எல்லாவற்றுக்கும் அந்த 150 ரூபாய்ப் பிரிண்ட் நல்ல பிரிண்ட்.

கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளை அவர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, சேற்றுத் தண்ணீரில் கால்கள் மட்டும். தண்ணீர்ப் படம் என்பதால் இதை பரைட்டாவில் கேட்டிருக்கிறேன், அம்மாவின் கட்சி ஜெயிக்கட்டும். பிவிசி குழாய்க்கான 120 ரூபாயை முன்கூட்டியே சேர்த்து அனுப்புகிறேன் என்றும், படம் எவ்வளவு தாள் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை எழுதினேன். இன்று புதன்.